பிஸ்கட் போன வழி

பாம்பைக் காணோம் என்றால் முதலில் தேட வேண்டிய இடம் அதன் பெட்டிதான். இதை எனக்குச் சொன்னவன் புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த அமெரிக்க நண்பன். மரச்சீவலுக்கு அடியில் புதைந்து கிடக்கும், தண்ணீர்க் கிண்ணத்தின் அடிவளைவில் சுருண்டிருக்கும், பின்சுவரில் ஒட்டிய தக்கைப் பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகிக்கொண்டு நிற்கும். தேடுகிற ஆள் அதற்குள் சோபாவைக் கிழித்திருப்பான். அதனால் அவன் அன்றிரவு பரபரக்காமல் தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, பெட்டியிலிருந்த மரச்சீவலைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, விரலிடுக்கில் சலித்துக் கொட்டினான். கடைசிப் பிடி வரை போனது. பிஸ்கட் இல்லை.

2017 ஜனவரி கடைசி அது. பகலில் சட்டையோடு நடக்கலாம். இரவில் சில நாள் புல்லில் வெண்பனி படியும். கெய்ன்ஸ்வில் புளோரிடாவின் வடபாதி. மியாமி வெயிலை நினைத்துக்கொண்டு கம்பளி இல்லாமல் வந்து இறங்கும் நம் மாணவர்கள் எல்லோரும் முதல் குளிர்காலத்தில் ஏமாறுவார்கள். எங்கள் வீடு பழைய மரவீடு. செங்கல் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியது, தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவு இடைவெளி. குழாய், ஒயர், ஏசி காற்றுப்பாதை எல்லாம் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அந்தத் துளைகளில் ஒன்று போதும்.

பிஸ்கட் ஓர் ஆண் கார்ன் ஸ்னேக். மூன்றரை அடி நீளம், என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். அமெரிக்காவின் தென்கிழக்கு முழுக்கக் காடுமேடுகளில் இயல்பாக வாழும் இனம், விஷமில்லாதது, எலி தின்பது. எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே அதன் சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பிஸ்கட் பண்ணையில் பொரித்தது. உடம்பில் கருநிறமி கிடையாது. ஆரஞ்சு மேல் சிவப்புத் திட்டு, கண் மாதுளை முத்து நிறம். கொல்லையில் இறங்கினால் பருந்துக்கு அரை மைல் தூரத்திலிருந்து தெரியும். நான்கு வருடமாக ஹீட் மேட்டின் கதகதப்பில் படுத்து, உறைய வைத்து வெந்நீரில் இளக்கிய எலியைக் கொறடு நுனியிலிருந்து வாங்கித் தின்ற உயிர் அது.

எந்த வழியாகப் போனது என்பது பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேலே கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி. பின்மூலையில் தெர்மோஸ்டாட் ஒயர் மூடிக்கு அடியில் புகுந்து உள்ளே போகும். ஒயரின் தடிமன் அளவுக்கு மூடி அந்த இடத்தில் எழும்பி நிற்கும். அங்கே வலையின் உட்புறம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. பிஸ்கட் ராத்திரி ராத்திரியாக மூக்கால் அந்த ஒரு மூலையை நெம்பியிருக்கிறது. மற்ற மூன்று மூலையிலும் கிளிப் இருந்தது. அங்கே அது நேரத்தை வீணாக்கவில்லை. பாம்புக்கு அளவு அதன் தலைதான். தலை நுழைந்த இடத்தில் உடம்பு நுழையும், வயிற்றில் இரையோ முட்டையோ இருந்தால் ஒழிய. பிஸ்கட்டுக்கு மறுநாள்தான் சாப்பாட்டு நாள்.

அறைக்கதவைச் சாத்தி, கதவடியில் துண்டைச் சுருட்டித் திணித்தான். வீட்டில் இருந்த எல்லாக் கதவுக்கும் துண்டு போனது, என் ஈரிழைத் துண்டு உட்பட. பிறகு எனக்குச் சில கட்டளைகள். சாய்வு நாற்காலியை யாரும் சாய்க்கக் கூடாது, அதன் இரும்புக் கத்தரி உள்ளேயிருப்பதை நசுக்கிவிடும். வாஷிங் மெஷினில் போட்ட துணியை ஒவ்வொன்றாக உதறாமல் ஸ்விட்ச் போடக் கூடாது. அவனுக்கும் கழிப்பறை மூடியைச் சாத்தும் பழக்கம் அன்றுதான் வந்தது. பக்கத்துப் போர்ஷன் பெண்மணியிடமும் போய்ச் சொன்னான். இது சங்கடமான வேலைதான். ஆனாலும் செய்ய வேண்டியது. கார்ன் ஸ்னேக்கைப் பார்த்தால் காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பு என்று எண்ணி மண்வெட்டியால் அடித்துவிடுவது அங்கே சகஜம். பிஸ்கட்டின் படத்தைப் போனில் காட்டி, "கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, பார்த்தா மேல ஒரு கூடையைக் கவிழ்த்துட்டு என்னைக் கூப்பிடுங்க" என்றான். அவர் தன் பூனையை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

எனக்கு இந்தத் தேடலின் திசையே முதலில் பிடிபடவில்லை. நான் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். பாம்பு உள்ளே வந்துவிட்டால் வெளியே அனுப்பத்தான் எங்கள் வீட்டில் தேடியிருக்கிறோம். தட்டு தட்டுவார்கள், மண்ணெண்ணெய் தெளிப்பார்கள், பிள்ளைகளைத் திண்ணைக்கு ஓட்டுவார்கள். இங்கே வெளியே போய்விடுமோ என்று பயந்து தேடிக்கொண்டிருந்தோம். வீடு முழுக்கத் துண்டு அடைத்துப் பாம்பை உள்ளேயே வைத்துக்கொண்டு நான் அந்த வீட்டில் தூங்க வேண்டியிருந்தது. தூங்கினேனா என்பது வேறு விஷயம்.

அவன் முறை, தொட்டியிலிருந்து தொடங்கி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவது. பெட்டியிலிருந்து தப்பிய பாம்பு ஊர் சுற்றப் போவதில்லை. சுவரோரமாக, உடம்பின் ஒரு பக்கம் எதன் மீதாவது உரசிக்கொண்டே போகும். நட்டநடுத் தரையைக் குறுக்கே கடக்க அதற்குப் பிடிக்காது. முதல் இருட்டுச் சந்தில் நுழைந்து படுத்துவிடும். ஆகவே மேஜை இழுப்பறையைத் திறந்து எட்டிப் பார்த்தால் போதாது, முழுக்க உருவி எடுத்து அது இருந்த குழியில் டார்ச் அடிக்க வேண்டும். புத்தகங்களுக்குப் பின்னால், ஷூவுக்குள், சோபாவைக் கவிழ்த்து அதன் அடித்துணியில் கிழிசல் இருக்கிறதா என்று. கிழிசல் இருந்தது, உள்ளே நாற்பத்தைந்து சென்ட் சில்லறையும் இருந்தது. தேடலுக்கு ஏற்ற நேரம் ராத்திரி. இருட்டின பிறகுதான் அது நகரும் என்பதால் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, சுவரோரம் பரப்பி வைத்த பிளாஸ்டிக் பைகள் சரசரக்கின்றனவா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு தடவை சரசரத்தது. கரப்பான்.

பசைப்பொறி வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு அவன் முகம் சுளித்தான். எலிக்கு வைக்கும் அந்தப் பசை அட்டையில் ஒட்டிய பாம்பு உருண்டு புரண்டு தோலைப் பிய்த்துக்கொள்ளும். தப்பித்தவறி ஒட்டிவிட்டால் இழுக்கக் கூடாது, சமையல் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க வேண்டும். அது வேண்டவே வேண்டாம் என்றான்.

என் பங்குக்கு ஒரு யோசனை வந்தது. இயந்திரவியல் துறையில் என் ஆராய்ச்சி வெப்பக் கடத்தல். ஆய்வகத்தில் தெர்மல் கேமரா இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் வார இறுதிக்கு அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரிய வேட்டைக்காரன் நினைப்பு. நண்பன் பார்த்துச் சிரித்தான்: "அது குளிர்ரத்தப் பிராணி, தெரியும்ல?" தெரியும். சுவருக்கு என்ன சூடோ அதே சூட்டில்தான் அதுவும் கிடக்கும். திரையில் சுவரும் பாம்பும் ஒரே நீலம். கேமராவால் பிஸ்கட்டைப் பார்க்க முடியாது.

ஆனால் வீட்டைப் பார்க்க முடிந்தது. அந்தக் குளிரில் எங்கெங்கே கதகதப்பு இருக்கிறது என்று கேமரா காட்டிக்கொடுத்தது. மோடத்தின் அடிப்பாகம் மஞ்சள். பிரிட்ஜின் பின்னால், கம்ப்ரசர் இருக்கும் கீழ்ப்பகுதி நல்ல ஆரஞ்சு. ஹாலை ஒட்டிய சிறு அலமாரியில் நின்ற வாட்டர் ஹீட்டர் பெரிதாக ஒளிரும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நல்ல உறை போட்டிருந்தார்கள், வெளியே ஒன்றுமில்லை. அதிலிருந்து கிளம்பிய வெந்நீர்க் குழாய்தான் சுவருக்குள் மங்கலான கோடாகத் தெரிந்தது. அலமாரிக்குள் இறங்கி, ஹாலின் சுவரோரம் ஓடி, சமையலறைக்குள் திரும்பி, சிங்க் அடியில் போய் முடிந்தது. ஒன்றரை வருடம் அந்த வீட்டில் இருந்தும் அப்படியொரு குழாய் அந்த வழியாகப் போவது எனக்குத் தெரியாது. மலைப்பாம்புகளுக்கு உதட்டில் சூட்டை உணரும் குழிகள் உண்டு. கார்ன் ஸ்னேக்குக்கு அது கிடையாது. வயிற்றால் தடவிப் பார்த்துத்தான் சூடான இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும். சுவரோரமாகவே போகிற பிராணிக்கு, சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயைவிட நல்ல வழிகாட்டி எது?

அதே வாரத்தில்தான் அந்தச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்தது. புளோரிடாவின் தென்கோடிச் சதுப்பு நிலங்களில் பெருகிக் கிடக்கும் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க இந்தியாவிலிருந்து இரண்டு பேரை வரவழைத்திருக்கிறார்கள் என்று. மாசி சடையன், வடிவேல் கோபால். எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள்! வரவழைத்ததில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. வேட்டையில் இறங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் பதின்மூன்று மலைப்பாம்பு. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றில் மட்டும் நான்கு, அதில் ஒரு பெண் பாம்பு பதினாறு அடி. அந்த மலைப்பாம்புகளுமே ஒருகாலத்தில் வளர்ப்புப் பிராணியாக வந்தவைதான். வளர்ந்து பெரிதானதும் கொண்டுபோய் விட்டவை, தப்பியவை, 1992இல் ஆண்ட்ரூ புயல் சிதறடித்த வளர்ப்புக் கூடத்திலிருந்து போனவை என்று சொல்வார்கள். மூடாத மூடி ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த மாநிலமே சாட்சி.

நண்பனிடம் செய்தியைக் காட்டினேன். "இவங்க எப்படித் தேடுவாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிறு வயதில் எங்கள் வைக்கோல் போரில் ஏதோ நுழைந்துவிட்டது என்று அப்பா ஓர் இருளப் பெரியவரைக் கூட்டிவந்தார். எல்லோரும் போரைச் சுற்றி நின்று போரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் குனிந்து மண்ணைப் பார்த்தார். போரைத் தொடவே இல்லை. வரப்போரம் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு எலிவளை வாயில் உட்கார்ந்து, மண்ணை விரலால் வழித்துப் பார்த்து, "சாரை. இதுக்குள்ள கெடக்கு. உங்க போருல இல்ல சாமி" என்றார். தடம், எச்சம், உரித்த சட்டை, வளை. பாம்பைத் தேட மாட்டார்கள், அது விட்டுப்போனதைத் தேடுவார்கள்.

வழவழப்பான பலகைத் தரையில் தடம் எங்கே விழும்? நண்பன் உடனே எழுந்தான். மைதாவைத் தூவிப் பார்ப்பது பாம்பு வளர்ப்பவர்களிடம் ஏற்கனவே உள்ள உத்திதான். மைதா இல்லை. இந்தியக் கடையில் பொங்கலுக்கு வாங்கிய அரிசி மாவு என்னிடம் பாதிப் பை மீதி இருந்தது. ஹால் வாசல், சமையலறை வாசல், வாட்டர் ஹீட்டர் அலமாரி வாசல், மூன்றிலும் சுவருக்குச் சுவர் மெல்லிசாகச் சலித்தேன். சேதி கேட்ட அம்மா போனில், "கோலமாவப் போட்டு அந்தப் பூச்சியப் புடிக்கிறியா? இதுக்காடா உன்னப் படிக்க அனுப்புனேன்?" என்றாள். ஊரில் அப்போது விளக்கு வைத்த நேரம். அந்த நேரத்தில் அதன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள்.

மறுநாள் காலையில் ஹால் வாசல் மாவு அப்படியே இருந்தது. அலமாரி வாசலிலும் ஒன்றுமில்லை. சமையலறை வாசலில், இடப்பக்கச் சுவரை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு நெளிகோடு. முழங்காலிட்டுப் பார்த்தேன். நடுவில் மாவு வழித்தெடுத்தது போலத் துடைத்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மட்டும் மாவு மெல்லிய வரப்பாக ஒதுங்கியிருந்தது. பாம்பு உடம்பைப் பின்னுக்கு உதைத்து முன்னால் போகும். ஆக, வரப்பு விழுந்த பக்கம் அது விட்டு வந்த பக்கம். வரப்புகள் எல்லாம் ஹாலைப் பார்த்து இருந்தன. பிஸ்கட் சமையலறைக்குள் போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. என் முனைவர் பட்ட ஆய்வில் எந்தத் தரவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

சமையலறையில் கேமரா காட்டிய இரண்டு சூடும் சேரும் இடம் ஒன்றே ஒன்று. சிங்க் அலமாரிக்குக் கீழே, கால் விரல் நுழைய உள்வாங்கிப் போட்டிருப்பார்களே, அந்தக் கீழ்ப்பலகைக்குப் பின்னால் உள்ள பொள்ளல். வெந்நீர்க் குழாய் அதற்குள்தான் திரும்புகிறது. இந்தப் பக்கம் பிரிட்ஜ். பலகையின் ஓரத்தில் ஒரு விரல் சந்து. நண்பன் நான்கு ஆணியை நெம்பிப் பலகையைக் கழற்றினான். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது பல வருட ஒட்டடை, ஒரு பாட்டில் மூடி, உலர்ந்த பீன்ஸ். அப்புறம் குழாய் வளைவைச் சுற்றி ஆரஞ்சு.

நான் கையை நீட்டினேன். அவன் தடுத்தான். இடுக்கில் கிடக்கும் பாம்பை வாலைப் பிடித்து இழுப்பதைவிட மோசமான காரியம் இல்லை. உடம்பை உப்பிச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொள்ளும். இழுத்தால் விலாவும் முதுகெலும்பும் போகும். அவன் விரல் நுனியால் வால் பக்கத்தை மட்டும் தொட்டுத் தொட்டு விட்டான். பிஸ்கட் நாக்கை நீட்டி யோசித்தது. அவன் காத்திருந்தான். சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, குளிரில் பல் கிட்ட, அந்த மனிதன் காத்திருந்ததைப் பார்த்தபோதுதான் பாம்பு வளர்ப்பவர்கள் மீது எனக்கு இருந்த கேலி போயிற்று. கடைசியில் ஒரு சுற்று அவிழ்ந்தது, இன்னொன்று. தலை எங்கள் பக்கம் வந்தது. உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. "பிடி" என்று என் இரண்டு கையிலும் விட்டான். வழுவழுப்பாக, ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த, திடமான, லேசாகக் குளிர்ந்த உடம்பு. மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியது, அவ்வளவே. என் கை அதைவிடச் சூடு என்று கண்டுகொண்டிருக்கும்.

தண்ணீர் வைத்தான். நிறையக் குடித்தது. உடனே எலி கொடுக்கவில்லை. உடம்பு பழைய சூட்டுக்கு வந்து இரண்டு நாள் கழியட்டும், இல்லாவிட்டால் தின்றதைக் கக்கிவிடும் என்றான். செதிலுக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

அதற்கப்புறம் பெட்டி மாறியது. முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவுகள், நடுவில் சாவிப் பூட்டு. ஒயர் போகும் துளை ஒயரின் அளவுக்கே, சுற்றிலும் சிலிகான். மூடி மேல் டிக்ஷனரியையும் செங்கல்லையும் வைக்கும் பழக்கத்தை அவன் மதிப்பதில்லை. பாம்பின் உடம்பு முழுக்கத் தசை, ஒரு மூலையை மட்டும் விடாமல் நெம்பும் பொறுமை அதற்கு உண்டு, செங்கல் நகரும். குட்டியாக இருந்தால் இன்னும் கஷ்டம். பொரித்த கார்ன் ஸ்னேக் ஒரு பென்சில் தடிமன்கூட இருக்காது, அதைக் கிளிப் போட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவில்தான் வளர்க்க வேண்டும். பெட்டிக்கு வெளியே அறையையே இரண்டாவது பெட்டியாக நினைத்தான்: கதவடியில் ரப்பர் பட்டை, குழாய் நுழையும் ஓட்டைகளில் இரும்பு நார், காற்றுத் துவாரத்துக்கு வலை. பூட்டியதும் பூட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வான். நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது "பூட்டினேனா?" என்று சந்தேகம் வந்தால் படத்தைத் திறந்து பார்ப்பான். நான் இன்றைக்கும் கேஸ் அடுப்புக்கு அதைச் செய்கிறேன்.

ஆனால் எல்லாப் பூட்டும் போட்டும் போகிற பாம்புகள் உண்டு. 2022 அக்டோபரில் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் காட்சியகத்தில் ஒரு ராஜநாகம், வந்த சில நாட்களிலேயே, கூரை விளக்குப் பொருத்திய இடுக்கு வழியாக வெளியேறியது. பழைய விளக்கு கொதிக்கும் சூட்டில் இருந்தவரை எந்தப் பாம்பும் அதன் கிட்டே போகவில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க மாற்றிய புது விளக்கு சூடாகவில்லை; சூடு ஒரு பூட்டாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இதைப் படித்தபோது என் துறைக்காரன் எவனாவது அந்தக் குழுவில் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். சுவர்களை எக்ஸ்ரே எடுத்துத் தேடினார்கள். ஒரு வாரம் கழித்துத் தானாகவே திரும்பி வந்துவிட்டது. 2011இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் காணாமல்போன எகிப்திய நாகமும் ஊரே ட்விட்டரில் அதை மன்ஹாட்டன் முழுக்க நடமாட விட்டுக்கொண்டிருக்க, தன் ஊர்வனக் கூடத்தின் மூலையிலேயேதான் கிடந்தது. 2019இல் ஜெர்மனியின் ஹெர்னே நகரில் ஒருவர் வீட்டில் வளர்த்த நாகம் போனபோது அண்டை வீடுகளைக் காலி செய்து, மாவு தூவித் தேடினார்கள். அந்தக் கட்டிடத்தின் நிலவறைப் பக்கத்திலேயே அகப்பட்டது. கோலமாவு விஷயத்தை அம்மா கேலி செய்யும்போதெல்லாம் நான் ஜெர்மன் தீயணைப்புப் படையைத் துணைக்கு இழுக்கிறேன்.

ஊருக்கு வரும்போது இந்தக் கதையைக் கேட்ட சித்தி மகன், தானும் ஒன்று வளர்க்கப் போவதாகச் சொன்னான். நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. சாரையானாலும் மண்ணுளியானாலும் குற்றம்தான். வெளிநாட்டுப் பாம்பு என்றால், சென்னை விமான நிலையத்தில் பாங்காக் விமானத்தில் வந்து இறங்கும் பெட்டிகளில் சுருட்டி வைத்த பால் பைத்தான்களைச் சுங்கத்துறை பிடிக்கிறதே, அந்த வரிசையில்தான் பெரும்பாலும் வருகிறது. அவனிடம் இதைச் சொன்னேன். கூடவே, உன் வீட்டு வெந்நீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்று கேட்டேன். முழித்தான்.

நண்பன் படிப்பு முடிந்து ஓரிகனுக்கு வேலைக்குப் போனான். பிஸ்கட்டைக் காரில்தான் கொண்டுபோக வேண்டும். காரில் தப்பினால் அவ்வளவுதான், டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்விட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காரையே பிரிக்க வேண்டும். ஆகவே தலையணை உறைக்குள் விட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு, அதைக் காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டிக்கு சீட் பெல்ட் மாட்டினான். கிளம்பும்போது நான் கேட்டேன், "முடிச்சைப் பார்த்தியா?" போனை எடுத்துப் படத்தைக் காட்டினான்.